மகாராணி ஆயில் குடிக்கவில்லை

ஆயில் டப்பாவின் மூடி பச்சையா நீலமா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. நீலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பச்சை என்று பின்னால் தெரியவந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த மூன்று வாரத்தில் மழை பெய்ததா என்பதிலும் சந்தேகம்தான். ஒரு நாள் குடையோடு நின்றதாக ஞாபகம். அது வேறு வருடமாகவும் இருக்கலாம். வயதாக ஆக ஞாபகம் ஓரத்திலிருந்து கரைகிறது. ஆனால் அளவுகள் கரையவில்லை. எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்கிறேன்.

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஆடும். அது மாப்பிள்ளையின், என் தங்கை கணவரின், நாற்காலி. பேசும்போது கையையும் காலையும் சேர்த்து ஆட்டுவார், அதில் மூட்டெல்லாம் கழன்றுவிட்டது. இதில் உட்காருங்கள்.

நீங்கள் உரிம அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கின் பணிமனை உரிமத்தை ஒரேயடியாக ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவுசெய்து கோப்பை மூட வேண்டும். அதற்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். கேட்டால் சொல்வேன். கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தேன். கடைகளில், பெட்ரோல் பங்குகளில், லிட்டர் என்று சொல்வது லிட்டராகத்தான் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. பேச்சே தேவைப்படாத வேலை. ஊற்ற வேண்டும், பார்க்க வேண்டும், குத்த வேண்டும். குறை இருந்தால்தான் வாயைத் திறப்பேன். நான் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்தால் கடைக்காரருக்கு மூச்சு வரும். மாலையில் வீட்டுக்கு வந்தால் புத்தகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏன் என்பது அதிலேயே அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

இந்த வீட்டுக்கு என் தங்கையும் அவள் கணவரும் நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தார்கள். நாலாவது நாள் எப்போது முடியும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடம் ஆகியும் முடியவில்லை.

மாப்பிள்ளை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் அவரை விட்டுப் போயிற்றே தவிர அறிவிப்பு போகவில்லை. காலையில் குளியலறை வாசலில் நின்று, "கவனிக்கவும். இன்னும் பத்து நிமிஷத்துல குளியலறை காலியாகும்" என்பார். பத்து நிமிடம் கழித்து, தாமதத்துக்கு வருந்துவதாகவும் அறிவிப்பார். செய்தித்தாளை விளம்பரம் உட்படச் சத்தமாகப் படிப்பார். நான் புத்தகம் படித்தால் எந்தப் பக்கம் என்று கேட்பார். சொன்னால், மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்பார். அதையும் சொன்னால், நான் எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கடைசிப் பக்கம் போய்ச் சேருவேன் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கே அறிவிப்பார். பெரும்பாலும் அந்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் தாங்க முடியாதது.

கெட்ட மனிதர் இல்லை. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்து மணிக்கு ஒரு தடவை சூடு எவ்வளவு என்று அறிவித்தவர். அவரிடம் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் சண்டை போட்டு அனுப்பியிருப்பேன். குறையில்லாத மனிதரை எதைச் சொல்லி வீட்டைவிட்டு அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான் அவர்களுடைய மகள் மலையடிவாரத்து ஊரிலிருந்து எழுதினாள். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது, அம்மாவும் அப்பாவும் வந்துவிட வேண்டும் என்று. எழுநூறு கிலோமீட்டர். தங்கைக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது, நான் அதைப் புத்தகத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு நிபந்தனை. மகாராணி வந்தால்தான் அவரும் வருவார்.

மகாராணி என்பது அவருடைய கார். இருபத்திரண்டு வயது. வாசலில் நிற்கும்போது கம்பீரமாக இருக்கும். கிளம்பும்போது பின்னால் ஒரு நீலப் புகை விட்டு, தெருவில் உள்ளவர்களை ஆசீர்வதித்துவிட்டுப் போகும். கொஞ்ச நாளாக ஆயில் குறைந்துகொண்டே வந்தது. அதைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோனோம்.

மெக்கானிக்கைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை தப்பியது கிடையாது. அவருடைய பணிமனையில் ஒரு பெஞ்சு உண்டு. மாலை நேரத்தில் நான் அங்கே போய் உட்கார்ந்து படிப்பேன். ஒரு மணி நேரத்தில் நாங்கள் இருவரும் மூன்று வார்த்தை பேசிக்கொள்வோம். நண்பர் என்று எனக்கு ஒருவர் உண்டென்றால் அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அவசரப்படவில்லை. முதல் நாள் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தார். மறுநாள் அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆக, வெளியே ஒழுகவில்லை. ஒழுகாமல் குறைகிறதென்றால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். காலையில் முதல் தடவை கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஓட ஓட வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. மகாராணி இரண்டு விதமாகவும் புகைவிட்டாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தது. திருப்புளியைக் காதில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். மாப்பிள்ளைகூட அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார், அதை நான் மிகவும் ரசித்தேன்.

"ரிங்" என்றார் காதுக்காரர்.

ரிங் என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுக் காருக்கு ரிங் எங்கே தேடுவது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், ஆறு மாதம் ஆகலாம். மாப்பிள்ளை ஒரு நிமிடம்தான் வருத்தப்பட்டார். பிறகு என் தோளில் கை போட்டு, "அதனால என்ன, மச்சான் வீடு இருக்கவே இருக்கு. மகாராணி எழுந்திருக்கிற வரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போறோம்" என்றார். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல குரல், தூரம் வரை கேட்கும்.

காதுக்காரருக்கு ஒரு நேர்மை உண்டு. காது சொன்னதை அளந்து பார்க்காமல் இன்ஜினில் கை வைக்க மாட்டார். ஆயிரம் கிலோமீட்டர் சோதனை என்று ஒன்று வைத்திருந்தார். புது ஆயிலை, மட்டம் பார்க்கும் ஸ்டிக்கில் மேல்கோடு வரை வரும்படி ஊற்றுவார். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து முத்திரை வைப்பார், நடுவில் யாரும் ஆயிலை இறக்கிவிடக் கூடாது என்று. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தால் மறுபடி அளப்பார். அரை லிட்டருக்குள் குறைந்திருந்தால் அந்த வயதுக்கு அது நியாயம், ஊருக்குப் போகலாம். முக்கால் லிட்டரைத் தாண்டினால் பிரித்தே தீர வேண்டும்.

அந்தச் சிவப்பு முத்திரையைக் குனிந்து பார்த்தேன். என் தொழிலில் ஆயிரக்கணக்கில் முத்திரை குத்தியவன் நான். ஒரு முத்திரையைப் பார்த்தால் அது எதை நம்பவில்லை என்று தெரிந்துவிடும். இந்த முத்திரை, ஆயிலை எடுப்பவனை நம்பவில்லை. மேலே, ஊற்றுகிற மூடிக்கு முத்திரையே இல்லை. ஒருவன் ஆயிலைத் திருடுவான் என்று மெக்கானிக்குகள் யோசிக்கிறார்கள். ஒருவன் கொண்டுவந்து கொடுப்பான் என்று உலகத்தில் எந்த மெக்கானிக்கும் யோசித்ததில்லை.

மாப்பிள்ளை தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினார், இருபது நாள். தனியாக ஓட்ட அவருக்குப் பிடிக்காது, நானும் கூடப் போனேன். அமைதிக்காக மனிதர்கள் என்னென்னவோ கஷ்டப்படுகிறார்கள். நான் இருபது நாள் முன்சீட்டில் உட்கார்ந்து, கடந்துபோகிற ஒவ்வொரு பாலத்தையும் பற்றிய அறிவிப்பைக் கேட்டேன். விடிந்ததும், அவர் எழுந்திருப்பதற்கு முன்னால், வாசலில் பானெட்டைத் திறந்து ஸ்டிக்கைப் பார்த்து, நூற்று முப்பத்தைந்து மில்லி ஊற்றினேன். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடி அளவைக் குடுவை, பிழையே இல்லாதது. புனல் மட்டும் என்னிடம் இல்லை. சமையலறையில் ஆணியில் தொங்கிய தங்கையின் புனலை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் துடைத்துத்தான் மாட்டினேன்.

முழுவதையும் ஈடுகட்டவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் அப்படியே இருந்தால் முட்டாள்கூடச் சந்தேகப்படுவான். எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. நூற்றைம்பது மில்லி குறையும்படி விட்டேன். பார்க்க அழகாக இருக்கும்.

உண்மையில் மகாராணி அந்த ஆயிரத்தில் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் குடித்தாள். அவளுடைய நோயைத் துல்லியமாகக் கண்டுபிடித்த ஒரே ஆள் நான்தான். என்ன, யாருக்கும் சொல்லவில்லை.

இருபத்தோராவது நாள் காதுக்காரர் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி துடைத்தார். மூன்று தடவை. குனிந்து சிவப்பு முத்திரையைப் பார்த்தார், உடையவில்லை. விரலில் ஒரு சொட்டைத் தேய்த்துக்கொண்டு, ஆயிரம் ஓடியும் ஆயில் இன்னும் இவ்வளவு கறுக்காமல் இருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு திருப்புளியை எடுத்து இன்ஜினில் வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

ஸ்டிக்கை என்னிடம் நீட்டினார். "நீங்க அளவுக்காரர். நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்."

பார்த்தேன். "நூற்றைம்பது குறையுது" என்றேன். நான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

"காது ரிங்குன்னு சொல்லுது. ஸ்டிக்கு இல்லைங்குது." கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "காதுக்கும் வயசாகுதுபோல சார்."

நான் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். அவர் திருப்புளியை அதன் இடத்தில் வைத்தார். இதமான மாலை என்றுதான் ஞாபகம், அதில்கூட எனக்குச் சந்தேகம் இருக்கலாம்.

இப்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். யாருக்கும் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். இன்ஜினில் இருப்பது மூன்றரை லிட்டர். அது எந்த வேகத்தில் குறையும் என்பது எனக்குத் தெரியும். மேட்டில் ஏறும்போது இன்னும் கூடும். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபதாவது கிலோமீட்டர் வாக்கில் இன்ஜின் இறுகி நிற்கும் என்று வந்தது. எழுநூறில் பாதி முந்நூற்றைம்பது. பாதிக்கு முன்னால் நின்றுவிட்டால் இழுத்துக்கொண்டு இங்கே திரும்பி வருவார்கள். பாதிக்கு மேல் போய் நின்றால் யாரும் திரும்ப மாட்டார்கள், முன்னால்தான் போவார்கள். மகள் ஆள் அனுப்புவாள். மகாராணி அந்த ஊரிலேயே படுத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஐந்நூற்று அறுபது எனக்கு நிம்மதியான எண்ணாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காதுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாப்பிள்ளை அப்போது பணிமனை வாசலில் நின்று தெருவுக்கே பயண நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் சொல்லி ஏறாது என்று காதுக்காரருக்குத் தெரியும். "எதுக்கும் இருநூறுக்கு ஒரு தடவை நிறுத்தி ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்க சார். குறைஞ்சிருந்தா ஊத்திக்கட்டும். நீங்க சொன்னா கேட்பார்" என்றார். தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் தலையாட்டலாம்.

மறுநாள் காலை டிக்கியில் பெட்டிகள் ஏறின. தங்கை சமையலறைச் சாமான்களில் பாதியை எனக்கென்று விட்டுவைத்தாள். புனலையும் விட்டாள். அதில் கொஞ்ச நாளாக ஏதோ நாற்றம் வருகிறது என்று முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "அண்ணா, இதுல என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டபோது நான் பக்கத்தைத் திருப்பினேன், அவளும் விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். "ஏன் மச்சான், வழியில எங்கயாவது நிறுத்தி ஆயில் பார்க்கணுமா? மெக்கானிக் ஏதாவது சொன்னாரா?"

நான் அவரைப் பார்த்தேன். சொல்வதற்கு வார்த்தை எல்லாம் தயாராகத்தான் இருந்தது. சொன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று, பிறகு இறங்கி வந்து நாற்காலியில் உட்காருவார். எனக்குக் களைப்பாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தங்கையிடம் திரும்பிச் சிரித்தார். "பார்த்தியா, உங்க அண்ணன் பேசலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். முத்திரை விழுந்தாச்சு."

மகாராணி நீலப் புகை விட்டுப் போனாள். நான் உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு பக்கம் படித்தேன், ஒரே மூச்சில்.

ஐந்நூற்று எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் நின்றது. என் கணக்குக்கு இருபத்து மூன்று அதிகம், மோசமில்லை. நான் கணக்கில் சேர்க்காதது இரண்டு. ஒன்று, அது மலைப்பாதையின் வளைவாக இருக்கும் என்பது. இன்னொன்று, பின்னால் கல் ஏற்றிய லாரி வரும் என்பது. இதையெல்லாம் ஸ்டிக்கில் பார்க்க முடியாது. ஆயில் தீரும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் சிவப்பு விளக்கைத் தங்கை பார்த்திருக்கிறாள், சொல்லியும் இருக்கிறாள். மாப்பிள்ளையின் காதில் அது விழவில்லை. ஊர் போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் என்று அறிவித்துக்கொண்டிருந்தாராம்.

அவர் அங்கேயே இறந்துபோனார். தங்கைக்கு வலது கால்.

செய்தி வந்த மூன்றாம் நாள் காதுக்காரர் இந்த வாசலில் வந்து நின்றார். இன்ஜினில் ஒரு லிட்டர்கூட இல்லை என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள். "இருநூறுக்கு ஒரு தடவை பார்க்கணும்னு சொன்னீங்கல்ல சார்?" என்று கேட்டார். நான் பேசவில்லை. துக்க வீட்டில் யார் பேசுவார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நீங்க சொல்லாம இருப்பீங்களா. தப்பு என்மேலதான். காதைக் கேட்டிருக்கணும்" என்றார். மகள் புகார் கொடுத்தபோதும், உங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோதும் அதையே சொல்லியிருக்கிறார். அந்த விசாரணைக்கு நானும் வந்தேன். ஸ்டிக்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார்கள், நூற்றைம்பது மில்லி குறைவு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

இன்று நீங்கள் கேட்டது, சோதனை நடந்த நாட்களில் அந்தக் காருக்கு வேறு யாராவது ஆயில் ஊற்றினார்களா என்று. ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன். மொத்தம் இரண்டு லிட்டர் எழுநூறு மில்லி. தாகத்தில் இருந்த ஒரு வண்டிக்கு ஆயில் கொடுத்தேன்; ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. எந்தச் சட்டத்தில் இது குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லி உங்களுக்கு யார் எழுதினார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. உங்கள் கோப்பில் துருத்திக்கொண்டிருக்கும் அந்த உறையில் உள்ள கையெழுத்து எங்கள் சமையலறை டப்பாக்களின் மேல் பார்த்ததுபோல இருக்கிறது. நல்ல, உருண்டையான கையெழுத்து.

மற்றபடி எல்லோரும் என்ன ஆனார்கள் என்று கேட்டால், மகாராணியைத் துண்டு போட்டுப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். டிரெயின் போல்ட்டில் சிவப்பு முத்திரை கடைசிவரை உடையாமல் இருந்ததாம். மகள் அந்தச் சின்ன வீட்டை வேண்டாமென்று விட்டுவிட்டாள்; இங்கே வருவதில்லை. காதுக்காரர் பணிமனையைப் பூட்டிவிட்டு, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலை பார்க்கிறார். இன்ஜின் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விடுமுறை நாளில் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். முன்பு மூன்று வார்த்தை பேசுவோம், இப்போது அதுவும் இல்லை.

தங்கை உள்ளேதான் இருக்கிறாள். மகளின் வீட்டில் மாடிப்படி ஏற முடியாது என்று இங்கேயே வந்துவிட்டாள். வந்த புதிதில் ஓயாமல் பேசினாள், அழுதாள், சிவப்பு விளக்கைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு ஒரு நாள் சமையலறையில் ஆணியிலிருந்து புனலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நொண்டிக்கொண்டே வந்து, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. அதற்குப் பிறகு பதினாலு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் அவளுக்கும் அமைதியின் அருமை தெரிந்துவிட்டது.